சுவருக்குள் போன ஏணிக்காரன்

பழைய வீடியோ கேம்களைத் தூசி தட்டி டிஜிட்டலில் புதிதாக விற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. சர்க்கரை வியாதி மாதிரி அது என்னோடு நிரந்தரமாக இருக்கிறது; அம்மாவும் அதை அப்படித்தான் நடத்துவாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "அவன்கிட்ட கேம் பத்தி மட்டும் எடுக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுவாள். ஆனால் என் தங்கை கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்த ஆள் முதன்முதலாக வந்த அன்று அம்மா அடுப்படியில் இருந்துவிட்டாள். எல்லாம் அதனால் வந்ததுதான்.

நாங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர்கள். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையிலிருந்து கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். ஜப்பான் பெட்டி மாதிரியே இருக்கும். ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிவிக்குப் பின்னால் ஒயரைச் செருகி, பெட்டியின் தலையில் கேசட்டைச் சொருகினால் ஆட்டம் ஓடும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ஜப்பானிய எழுத்து, அதிலும் பாதி கிழிந்திருந்தது. ஆட்டத்தின் நிஜப் பேர் என்னவென்று நான் வேலைக்குப் போகும் வரை தெரியாது. தீயணைப்பு வீரன் ஒருவன் தோளில் ஏணியோடு ஓடி, எரிகிற கட்டடங்களில் ஏறிப் பூனைகளைக் காப்பாற்றுவான். மனிதர்களை ஏன் விட்டுவிட்டான் என்று நாங்கள் கேட்டதில்லை. ஏணிக்காரன் என்று பேர் வைத்தோம்.

மூன்றாவது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். தொட்டியை ஒட்டிய சுவரைப் பார்த்துக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே ஏணியைத் திருப்பினால் ஏணிக்காரன் சுவருக்குள் புகுந்துவிடுவான். இதைக் கண்டுபிடித்தவள் தங்கை. அப்போது அவளுக்கு முன்பல் விழுந்திருந்த வயசு. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் அதனதன் இடத்தில் இருக்காது. பாதி ஜன்னல், தலைகீழ்ப் பூனை, நெருப்பு இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் நெருப்பு. ஒக்கலிபுரத்தில் எங்கள் சித்தப்பா வீடும் கிட்டத்தட்ட அந்த நிலைமையில்தான் இருக்கும் என்பதால் அந்த இடத்துக்கு 'சித்தப்பா வீடு' என்று பேர் வைத்தாள். சித்தப்பாவுக்கு இது இன்று வரை தெரியாது. அதற்கப்புறம் ஆட்டத்தை ஜெயிக்கும் ஆசையே எங்களுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சும்மா சுற்றுவோம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்துபோய், டிவியிலிருந்து ஒரு நீளமான ஊளைச் சத்தம் வரும். பிக்சர் ட்யூப் போய்விடும் என்று அப்பா கத்துவார். மெயின் சுவிட்சை அணைப்போம்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் ஒரு ஆபீஸில் வேலை, அது அடுகோடி ஏரியாவில் இருக்கிறது. வேலை போக மிச்ச நேரத்தில் பழைய ஆட்டங்கள் ஆடுகிறேன். ஏணிக்காரன் மறுபடி டிஜிட்டலில் வருகிறான் என்று தெரிந்தபோது ஆன்லைன் கடையில் வந்த முதல் நாளே வாங்கினேன். அன்றைக்கே மனசு கெட்டது. கட்டம் கட்டமாக இருந்த அவன் முகத்தை மழுக்கி, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி ஆக்கியிருந்தார்கள். படத்துக்கு இரண்டு பக்கமும் சிவனே என்று இருந்த கறுப்பு இடத்தில் பூனை போட்ட வால்பேப்பர். பழைய டிவியில் பார்ப்பது போல வேண்டுமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றால், கொசுவலைக்குள் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. முதல் பூனையைக் காப்பாற்றியதும் திரையின் மூலையில் ஒரு பதக்கம் வந்தது. ஒரு பூனைக்கு ஒரு பதக்கம். எங்கள் காலத்தில் எல்லாப் பூனைகளையும் காப்பாற்றினாலும் அப்பாவிடம் திட்டுதான் கிடைக்கும். இதற்கெல்லாம் மேலே, பொத்தானை அழுத்தினால் ஏணிக்காரன் உடனே குதிக்கவில்லை. மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வருகிறவன் மாதிரி ஒரு கணம் கழித்துக் குதித்தான்.

பொறுத்துக்கொண்டு மூன்றாவது கட்டடம் வரை போனேன். தொட்டிப் பக்கம் குதித்து ஏணியைத் திருப்பினேன். சுவரில் முட்டி விழுந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். திரும்பத் திரும்ப விழுந்தான். சுவரை அடைத்துவிட்டார்கள்.

பழைய கேம் பைத்தியங்கள் கூடும் ஒரு இணையதளத்தில் புனைபெயரில் நான் ஒரு விமர்சனம் எழுதினேன். தமிழில் கோபப்பட்டு ஆங்கிலத்தில் எழுதியதால் அது சாதாரணத்தைவிடக் கொடூரமாக வந்தது. ஆட்டத்தில் இருக்கிற தப்பும் ஆட்டம்தான், தாஜ்மகாலில் ஒரு கல் கோணலாக இருந்தால் மேஸ்திரியை விட்டு நிமிர்த்துவீர்களா என்று கேட்டிருந்தேன். சுவரை அடைத்த புண்ணியவான் சின்ன வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விளையாடாதவன் என்றும் எழுதினேன். கீழே சிலபேர், எங்கள் ஊர் கேசட்டில் அப்படி ஓட்டை எதுவும் இல்லையே என்றார்கள். உங்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று அவர்களுக்கும் பதில் கொடுத்தேன்.

தங்கை பிசியோதெரபிஸ்ட். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். அவளிடம் கட்டைவிரல் வலி என்று ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். வலி போன பிறகும் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். திண்டுக்கல்காரர், வேலைக்காக பெங்களூர் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கையில் ஆப்பிள், ஆரஞ்சு, முகத்தில் வேர்வை. அம்மா பேக்கரியிலிருந்து, உள்ளே தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்த் வாங்கி வைத்திருந்தாள். அதை எப்படிப் பிடித்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ஆரம்பித்தார்.

"இன்னா வேலை தம்பி?"

"பழைய வீடியோ கேம் இருக்குல்லங்க, அதை இப்ப உள்ள மெஷின்ல ஓடற மாதிரி மாத்திக் குடுப்போம். வெளிநாட்டுக் கம்பெனிங்க எங்களுக்கு கான்ட்ராக்ட் குடுப்பாங்க. நான் டெஸ்டிங்."

"டெஸ்டிங்னா?"

"நாள் பூரா விளையாடிப் பாத்து, எங்க தப்பு இருக்குன்னு சொல்லணுங்க."

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "வெளையாடறதுக்கு சம்பளம் குட்றாங்களா" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். டிப்போவில் பிரேக் இல்லாத வண்டியைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரல் வரும்.

நான் எந்தெந்த ஆட்டம் என்று கேட்டேன். தங்கை அவசரமாக, "டீ ஆறிப்போவுது" என்றாள். அவர் நல்ல மனுஷன், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். ஜப்பானியப் பேரைச் சரியான உச்சரிப்பில் சொல்லிவிட்டு, "ஏணி தூக்கிட்டுப் போய் பூனையக் காப்பாத்துவான்ணே" என்று விளக்கமும் கொடுத்தார்.

நான் டீயைக் கீழே வைத்தேன்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்கு ஒருத்தன் ரிவ்யூ எழுதினான் பாருங்கண்ணே. தாஜ்மகால், மேஸ்திரி, என்னென்னமோ. எங்க ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து காபி மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கோம். டென்ஷனா இருந்தா எல்லாரும் போய் ஒரு பாரா படிச்சுட்டு வருவோம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்."

தங்கை சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும். பல மாதமாகத் தெரிந்தே இரண்டு பேரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"எழுதினது நான்தான்" என்றேன்.

சமையலறையிலிருந்து அம்மா, "இன்னாத்த எழுதின?" என்றாள். அவர் கையிலிருந்த தில்பசந்த் தேங்காய்ப்பூவாக மடியில் உதிர்ந்தது. அதைத் தட்டிவிட்டு, மிகவும் மரியாதையாக, "அந்தச் சுவத்துல எப்பவுமே ஓட்டை இல்லைண்ணே" என்றார்.

"இருந்தது."

"நாங்க அந்த இடத்தைத் தொடவே இல்லைண்ணே."

"நான் சின்ன வயசுலேர்ந்து போயிட்டு வந்துட்டிருக்கேன். எனக்குச் சொல்லித் தரீங்களா?"

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அவர் தண்ணீர்த் தொட்டியின் அகலத்தை விரலால் மேஜையில் வரைந்து காட்டினார். நான் அழித்து வேறு மாதிரி வரைந்தேன். கடைசியில் தங்கை எழுந்து நின்று, "என்னைப் பொண்ணு கேக்க வந்தாரு. ரெண்டு பேரும் செவுத்தப் பத்திப் பேசிக்கினு இருக்கீங்க" என்றாள். அவர் போன பிறகு அப்பா முடிவு எதுவும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நாற்காலி போட்டு ஏறி, சஜ்ஜா பரண் மேலிருந்த பழைய சூட்கேஸை இறக்கினாள். கேம் பெட்டி அதற்குள் என் ஸ்கூல் பெல்ட்டோடு படுத்திருந்தது. "போட்டுக் காட்டு. யாரு சொன்னது நிஜம்னு இன்னிக்கே தெரியணும்" என்றாள். அடாப்டர் செத்துப்போயிருந்தது, அப்பாவே ஒன்றை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். எங்கள் புது டிவியின் முதுகைத் தடவிப் பார்த்தோம். பழைய ஒயர் நுழைய ஒரு ஓட்டைகூட இல்லை. டிவிக்காரர்களும் அடைத்துவிட்டார்கள்.

ட்யூப் டிவி தேடினோம். கடைசியில் எங்கள் தெருமுனை சலூனில் ஒன்று கிடைத்தது. ஸ்டாண்டு போட்டுச் சுவரில் ஏற்றியது. காலையிலிருந்து கன்னடப் பாட்டு ஓடும். சலூன்காரர் அப்பாவுக்குப் பழக்கம். "மங்களவாரம் கடை லீவு. அன்னிக்கு வாங்க" என்றார். அப்படியாக ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து போனோம். மூன்று சுழல் நாற்காலி. ஒன்றில் அப்பா உட்கார்ந்தார், ஒன்றில் நான், நடுவில் தங்கை. திண்டுக்கல்காரர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் ஆபீஸ் டீம் லீடரிடம் ஜப்பானில் விற்ற நிஜ கேசட் ஒன்று இருந்ததாம். அதை இரவல் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்களுடையதைவிடச் சின்னது, மஞ்சள் நிறம், காகிதம் கிழியாதது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

முதலில் எங்கள் கேசட். வழக்கம்போல ஊதிவிட்டுச் சொருகப் போனேன். "ஊதாதீங்கண்ணே, எச்சில் பட்டா துரு புடிக்கும்" என்றார். கொஞ்சம் அதிகமாகவே ஊதினேன்.

டிவியில் ஏணிக்காரன் வந்தான். கட்டம் கட்டமாக, அசிங்கமாக, அழகாக. கண்ணாடிகளில் எல்லாம் அவன் இடவலம் மாறி ஓடினான். சுவர் வித்தை தங்கைக்குத்தான் கை வந்தது. நான் எப்போதும் பாதிக்குப் பாதி. கால்களை மடித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆடினாள். மூன்றாவது கட்டடம், தொட்டி, குதி, திருப்பு. ஏணிக்காரன் சுவருக்குள் போனான். தலைகீழ்ப் பூனைகள் வந்தன.

திண்டுக்கல்காரர் டிவிக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்திருந்தது. "எனக்கு இது தெரியாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தச் சுற்றை நான் நன்றாக அனுபவித்தேன்.

பிறகு அவர் கேசட். அதே கட்டடம், அதே தொட்டி, அதே தங்கை. ஏணிக்காரன் முட்டி விழுந்தான். தங்கை உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முட்டினான். சலூனில் அந்த 'டொப்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது கெட்டியா இருக்கு" என்றாள் கடைசியில். "இதுல வழியே இல்ல."

அவர் எங்கள் கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திருட்டுக் காப்பி போட்டவர்கள் மலிவான சின்ன சிப்பில் ஆட்டத்தை அடைப்பதற்காக அங்கங்கே வெட்டியிருப்பார்கள், அப்படி வெட்டியதில் அந்தச் சுவரின் கணக்கும் போயிருக்கும் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆக, அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த நான் அசலைப் பார்த்ததே இல்லை. என் தாஜ்மகால் மெஜஸ்டிக்கில் செய்தது.

சலூன்காரர் சீப்பைக் கழுவிக்கொண்டே, "அரே, நகல்லதான மஜா ஜாஸ்தி இருக்குது" என்றார். அன்றைக்கு என் பக்கம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

திண்டுக்கல்காரர் சலூன் பெஞ்சை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த லேட்டா குதிக்கிற விஷயம் எழுதியிருந்தீங்கள்லண்ணே. அது நிஜம். நானும் ரிப்போர்ட் குடுத்தேன், டைம் இல்லன்னு விட்டுட்டாங்க. அந்தப் பாராவை மட்டும் யாரும் சிரிச்சுப் படிக்கல."

"வால்பேப்பர்?"

"அது மார்க்கெட்டிங்காரங்க. எனக்கும் புடிக்காது."

அப்பா நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். அதுவரை அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "தம்பி, தப்பக் கண்டுபுடிக்கறதுதான உங்க வேல. டிப்போல அதுக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு" என்றார். பிறகு தங்கையிடம், "அவங்க அப்பாம்மாவ வரச் சொல்லு, தேதி பேசலாம்" என்றார். தங்கை கையிலிருந்த கேம் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை சுவரில் முட்டினாள்.

விமர்சனத்தை நான் அழிக்கவில்லை. சுவர் விஷயத்தில் மட்டும் கம்பெனி நிரபராதி, மற்றக் குற்றச்சாட்டுகள் அப்படியே நிற்கின்றன என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

நாங்கள் பௌத்தர்கள்; கல்யாணம் எங்கள் வழக்கப்படி புத்தர் படத்துக்கு முன்னால் நடந்தது. ராகுகாலம் எப்போது முடிகிறது என்று திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். எங்களுக்கு அது கிடையாது, சாப்பாட்டு நேரம் மட்டும் உண்டு என்று அப்பா சொன்னார். அவர்களுக்கு அது பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் ஏணிக்காரனை ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஜப்பான் கம்பெனிக்கும் விற்கிற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். டிஜிட்டல் விற்பனையில் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் இதுதான் முதலாவது. நாம் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அவர்கள் கொஞ்ச நாள் பார்க்கக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை நிலைமை என்னைவிட மோசம். ஆபீஸில் இருந்த பிரதிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில்தான் இருக்கிறதே என்று அவர் சொந்தமாக வாங்கவே இல்லை. கட்டைவிரல் போகும் வரை உழைத்த ஆட்டம் அவர் கையில் இல்லை, ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து அவர் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வந்தார். ஆட்டத்தின் கடைசியில் சினிமா மாதிரி பேர் போடுவார்கள், அதில் தன் பேரும் வரும் என்று மாப்பிள்ளை எப்போதோ போனில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அதைப் பார்க்காமல் ஊருக்குப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். "உன் மெஷின்ல இன்னும் இருக்குதில்ல?"

இருந்தது. முன்பே இறக்கி வைத்ததை அவர்களால் பிடுங்க முடியவில்லை; அதைத் திட்டுவதற்காகவே அழிக்காமல் வைத்திருந்தேன்.

மூவரும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு மத்தியானம் ரயில். பேர் வரவேண்டும் என்றால் ஆட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும். நான் அதுவரை ஒருமுறைகூட முடித்ததில்லை; எங்கள் கவனம்தான் சித்தப்பா வீட்டில் இருந்ததே. ஐந்தாவது கட்டடத்தில் செத்தேன். செத்தால் முதலிலிருந்து. மாப்பிள்ளை மெதுவாக, "மச்சான், ரீவைண்ட் பட்டன் ஒண்ணு குடுத்திருக்கோம். அமுக்கிப் பிடிச்சா சாகறதுக்கு முன்னாடி போயிடலாம்" என்றார்.

அந்தப் பொத்தானை நான் தொட்டதில்லை. சாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறவன் ஆடுவது ஆட்டமே இல்லை என்பது என் கொள்கை. அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, நேரத்தைப் பார்க்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். ஏணிக்காரன் நெருப்பிலிருந்து பின்னோக்கி எழுந்து வந்தான். அதற்கப்புறம் வெட்கமில்லாமல் விழுந்த இடத்திலெல்லாம் அழுத்தினேன்.

கடைசிப் பூனையைக் காப்பாற்றியதும் பேர்கள் ஓட ஆரம்பித்தன. ஜப்பான்காரர்கள், மார்க்கெட்டிங்காரர்கள், அவர்களுடைய உதவியாளர்கள், யாருக்கோ விசேஷ நன்றி. மாப்பிள்ளை பேர், அவரே எதிர்பார்க்காத அளவுக்குத் தாமதமாக, எறும்பு அளவில், ஆங்கிலத்தில் வந்தது. ஒரு எழுத்து தப்பு. மாப்பிள்ளை எழுந்து போய்த் திரையில் விரல் வைத்துக் காட்டுவதற்குள் மேலே போய்விட்டது.

"எங்கப்பா? நான் கண்ணாடி போடறதுக்குள்ள போயிருச்சே" என்றார் அந்த அம்மா.

"இவ்வளவுதாம்மா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பையைக் கீழே வைத்தார். "சாயங்கால ரயிலும் இருக்குல்ல. தம்பி, இன்னொரு வாட்டி ஆடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

முதல் கட்டடத்திலிருந்து ஆரம்பித்தேன். தங்கை மாமியாருக்குத் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.